விசில் வந்தால் தேர்ச்சி

பள்ளி அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. மேல்தட்டில் விளையாட்டு விழாக் கோப்பைகள். நடுத்தட்டில் பழைய வருகைப் பதிவேடுகள். கீழ்த்தட்டில், எலிப்பொறிக்கும் ஸ்டாப்ளர் பின் பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஆறு பிள்ளைகளின் மூச்சு. டப்பாவின் மேல் 'இன்ஹேலர்கள். அனுமதியின்றித் தொடாதே' என்று ஒட்டியிருந்தது. தொட ஆசைப்பட்டாலும் தொட முடியாது. சாவி கிளார்க்கின் கால்சட்டைப் பையில் இருந்தது. கால்சட்டை கிளார்க்கோடு இருந்தது. கிளார்க் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது கிளார்க்குக்கே முன்கூட்டித் தெரியாது.

விதி தலைமையாசிரியை போட்டது. மருந்து ஆபத்தான பொருள். ஆபத்தான பொருள் பூட்டுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பே இப்பள்ளியின் மூச்சு என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார். பள்ளிக்கு மூச்சு தாராளமாக இருந்தது. பிள்ளைகளுக்குத்தான் அறுபத்தாறு படி இறங்கிப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அறுபத்தாறு என்று எண்ணிச் சொன்னவள் நான்காம் வகுப்பு நூல்கண்டு. தையல்காரியின் மகள், ஆளும் ஒல்லி. வகுப்பு ஒருமனதாக வைத்த பெயர். நான்காம் வகுப்பு மூன்றாம் மாடியில். ஒருநாள் வராந்தாவில் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அந்த நெடி வகுப்புக்குள் வந்த பத்தாவது நிமிடம் அவள் நெஞ்சுக்குள் யாரோ பட்டனை இறுக்கிப் போட ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். எண்ணியது அப்போதுதான். கீழே வந்தால் பீரோ இருக்கிறது, கிளார்க் இல்லை. தபால் ஆபீஸ் போயிருந்தார். யாரோ அம்மாவுக்கு போன் போட்டார்கள். பக்கத்துத் தெருத் தையல் கடையிலிருந்து, கழுத்தில் அளவு நாடா ஆட, வீட்டு இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி அம்மா ஓடி வந்து சேர்ந்ததால் கதை இங்கேயே முடியாமல் போயிற்று.

அன்றைய சம்பவ அறிக்கையில் தலைமையாசிரியை எழுதிய கடைசி வரி: 'சம்பவ நேரம் முழுவதும் மருந்து பத்திரமாக இருந்தது.'

அம்மா விடவில்லை. சுகாதார அலுவலகம் வரை போய்ப் பேசினாள். அதன் பலனாக வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு நர்ஸ் வந்தார். பிள்ளைகள் அவரை நர்ஸக்கா என்றார்கள். அவர் வந்ததும் முதல் வேலையாக, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளை அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். கொள்கையளவில் சம்மதம் என்றார் தலைமையாசிரியை. ஆனால் சரியாகத் தெரியும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்கு ஒரு தேர்வு வேண்டும். தேர்வுக்கு ஒரு குழு வேண்டும். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். எது இல்லாவிட்டாலும் அந்தப் பள்ளியில் தலைவருக்குப் பஞ்சமில்லை. கோச் இருந்தார். முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியர், முன்னாள் கால்பந்து நடுவர், இந்நாள் 'மாணவர் நலப் பொறுப்பாளர்'. பதவி மாறினாலும் கழுத்தில் தொங்கும் வெள்ளி விசில் மாறவில்லை. அவர் வருவதற்கு ஒரு அடி முன்னால் அவர் வயிறு வரும், அதற்கும் முன்னால் விசில் வரும்.

நர்ஸக்காவின் முதல் வகுப்பு முதலுதவி அறையில் நடந்தது. ஆறு பிள்ளைகள், ஒரு கட்டில், ஜன்னலில் காயப்போட்ட தரை துடைக்கும் துணி. ஆளுக்கொரு ஸ்பேசரும், பழகுவதற்காக மருந்தில்லாத இன்ஹேலரும் கொடுத்தார். ஸ்பேசர் என்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் இன்ஹேலர் செருகவேண்டும், மறுமுனை வாய்க்கு. மருந்து நேரே தொண்டையில் போய் அடிக்காமல் குழாய்க்குள் நின்று, மூச்சோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போவதற்கு அந்த ஏற்பாடு. மூடியைக் கழற்று. குலுக்கு. செருகு. உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியே விடு. உதட்டால் குழாயை இறுக்கிப் பிடி. ஒரே ஒரு அழுத்து. மெதுவாக, ஆழமாக இழு. பத்து எண்ணும்வரை பிடி. விடு. இன்னொரு தடவை வேண்டுமென்றால் ஒரு நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி.

அந்த ஸ்பேசரில் ஒரு குட்டி விசில் இருந்தது. வேகமாக இழுத்தால் ஊதும்.

"ஊதாம இருந்தா நீ சரியா இழுக்கறேன்னு அர்த்தம்," என்றார் நர்ஸக்கா. "ஊதிச்சுன்னா, அவசரப்படாதேன்னு அது உன்கிட்ட சொல்லுது. அவ்வளவுதான். மார்க்கும் கிடையாது, திட்டும் கிடையாது."

இந்த இடத்தில்தான் கோச் வாசலில் வந்து நின்றார். இரண்டு நிமிடம் நின்றார். 'விசில்' என்ற சொல் காதில் விழுந்தது. முகம் மலர்ந்தது. மீதியைக் கேட்க அவசியமில்லாமல் போய்விட்டார்.

நூல்கண்டு அன்று சாயங்காலம் வீட்டில் பழகிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் விசில் ஊதியது. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்பது யாருக்குத் தெரியும். எரிச்சலில் ஸ்பேசரை வைத்துவிட்டு, தினமும் செய்கிற வேலையில் உட்கார்ந்தாள். கடையில் இத்துப்போன நூல்கண்டுகளை அம்மா எடுத்து வருவாள். அந்த நூலை இழுத்துக் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இத்துப்போன நூலை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த முனையைத் தேடி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் விரல்கள் தானாக ஒரு வேகத்துக்கு வந்திருந்தன. அறுக்காத வேகம். இழுத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, ஸ்பேசரை எடுத்து, அதே வேகத்தில் மூச்சை இழுத்தாள். விசில் வாயைத் திறக்கவில்லை.

பத்து எண்ணுவதற்கும் அவளே வழி கண்டாள். மனசுக்குள் எண்ணினால் ஆறிலிருந்து பத்துக்குத் தாவுகிற புத்தி இருக்கிறது. அதனால் செருப்புக்குள் கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பத்து விரல், பத்து எண்ணிக்கை. இடது சுண்டுவிரல் மட்டும் சோம்பேறி, பக்கத்து விரலோடு சேர்ந்தேதான் அசையும். அதை இரண்டு தரம் அழுத்தினாள்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. 'சுவாச வீரர் திட்டம்'. நோக்கம், தொலைநோக்கு, செயலாக்கம் என்று மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தின் கீழே தேர்வு முறை: மாணவர் மேடையில் நின்று ஸ்பேசர் வழியாக இழுக்கும்போது எழும் விசில் அரங்கின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். கேட்டால் தேர்ச்சி, 'சுவாச வீரர்' பேட்ஜ், இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்ள அனுமதி. கேட்காவிட்டால் பீரோ.

நர்ஸக்கா பதறிப்போய்க் கோச்சைப் பார்த்தார். விசில் வருவது தப்பு என்று சொன்னார். கோச் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தாராம். நுரையீரல் ஒரு தசை, தசைக்கு வேகம் வேண்டும், முப்பது வருஷம் பிள்ளைகளை ஓட வைத்தவனுக்கு மூச்சைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம் என்றாராம். நுரையீரல் தசை இல்லை என்று நர்ஸக்கா எழுத்து மூலம் ஒரு குறிப்புக் கொடுத்தார். குறிப்புக்குக் கோப்பு எண் போட்டார்கள். நர்ஸக்காவை அடுத்த முறையிலிருந்து அதே பள்ளியில் கண் பரிசோதனைக்கு மாற்றினார்கள்.

ஒத்திகை மூன்றாம் மாடி அரங்கத்தில் நடந்தது. சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று வருஷம் முழுக்கத் திட்டு வாங்கிய பிள்ளைகளை அழைத்து, சத்தம் போட்டால் பேட்ஜ் என்று சொன்னால் என்ன ஆகும். அரங்கம் ரயில் நிலையமாயிற்று. இரண்டாம் வகுப்புப் பொடிசுதான் சாம்பியன். குழாயை வாயில் வைத்து, கண்ணை மூடி, தோள் காதைத் தொடும்படி ஒரு இழு இழுப்பான். கீழே சைக்கிள் நிறுத்தத்தில் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். கோச் அவனைத் தூக்கி மேசைமேல் நிற்க வைத்து, இவன்தான் நம் திட்டத்தின் முகம் என்று அறிவித்தார்.

நூல்கண்டின் முறை வந்தது. கழற்றினாள், குலுக்கினாள், செருகினாள், ஊதி வெளியே விட்டாள், அழுத்தினாள், நூலை இழுத்தாள். அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கோச் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, கடைசி வரிசையைப் பார்த்து, ஏதாவது கேட்குதா என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் செருப்புக்குள் ஏழாவது விரலில் இருந்தாள்.

"காத்து போன பலூனை மேடையேத்திட்டாங்க," என்று மைக்கில் சொல்லிவிட்டு, கோச் பூஜ்யம் போட்டார்.

பிறகு வராந்தாவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலை இறக்கினார். அவருக்கும் ஆறுக்கு ஆறு என்ற கணக்கு வேண்டியிருந்தது. விழாவுக்குக் கல்வித் துறை மேலதிகாரி வருகிறார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இழு, அப்புறம் வாழ்நாள் முழுக்க உன் இஷ்டப்படி இழுத்துக்கொள் என்றார்.

வீட்டில் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். "இழுத்துத் தொலையேன்டி. உனக்கு வேண்டியது இன்ஹேலர். அந்த ஆளுக்கு வேண்டியது சத்தம். குடுத்துட்டு வாங்கிட்டு வா. அந்த அறுபத்தாறு படியை மறந்துட்டியா?"

"தப்பா செஞ்சா தேர்ச்சின்னா அது என்ன தேர்ச்சிம்மா?"

"மூச்சு இருந்தாத்தான் நியாயம் பேச முடியும்."

நூல்கண்டுக்கு அம்மா அன்று ஓடிவந்த ஓட்டமும், அவள் கழுத்தில் ஆடிய அளவு நாடாவும் ஞாபகம் இருந்தன. சரி, ஒரு தடவை ஊதித் தொலைப்போம் என்ற முடிவோடுதான் மறுநாள் பள்ளிக்குப் போனாள்.

அந்த முடிவை மாற்றியவன் பொடிசு. மதிய இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடி மூச்சு வாங்க அலுவலகத்துக்கு வந்தான். அதிசயமாகக் கிளார்க் இருந்தார், சாவி இருந்தது. இன்ஹேலர் கைக்கு வந்தது. பொடிசு ஸ்பேசரை வாயில் வைத்து, சாம்பியனுக்குரிய ஒரு இழு இழுத்தான். வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். கிளார்க்கும் தட்டினார். மருந்து தொண்டையில் அடித்தது. பொடிசு இருமினான். நெஞ்சு திறக்கவில்லை. மறுபடி இழுத்தான், முன்னைவிடப் பலமாக. மறுபடி கைதட்டல். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே அவன் நினைத்தான். ஏன் மூச்சு வரவில்லை என்றுதான் புரியவில்லை.

சாக்பீஸ் டப்பா வாங்க வந்த நூல்கண்டு அதைப் பார்த்தாள். கிளார்க்கை நகரச் சொல்லி, நர்ஸக்காவுக்கு ஆள் அனுப்பச் சொல்லி, பொடிசின் எதிரே மண்டிபோட்டாள். பழக்கத்தில் தன் விரலில் சுற்றியிருந்த இத்துப்போன நூலின் முனையை அவன் கையில் கொடுத்து, இதை அறுக்காமல் இழு, இதே வேகத்தில் மூச்சையும் இழு என்றாள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி அவன் வாயில் வைத்து, தானே அழுத்தினாள். பொடிசு இழுத்தான். விசில் வரவில்லை. அவன் கண் பயத்தில் விரிந்தது. விடாதே, பிடி என்று அவன் கால்விரல்களைச் செருப்போடு சேர்த்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை. கண் பரிசோதனை அட்டையைக் கையில் பிடித்தபடியே நர்ஸக்கா ஓடி வந்து சேர்ந்தபோது, பொடிசின் தோள் இறங்கியிருந்தது.

"அப்ப விசிலு?" என்று கேட்டான்.

"அது பொய்டா."

"எனக்குப் பேட்ஜ் தர்றாங்களே."

"பேட்ஜும்தான்."

மறுநாளிலிருந்து இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவிலுள்ள படிக்கட்டு வளைவில், இடைவேளைதோறும் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். பார்த்தவர்கள் ஏதோ கைவேலை வகுப்பு என்று நினைத்தார்கள். ஆளுக்கொரு இத்துப்போன நூல்கண்டு. அறுத்தவன் மறுபடி முதலிலிருந்து. நூல் கைக்கு வந்ததும் மூச்சு. மூச்சு வந்ததும் கால்விரல். நூல்கண்டு பாடம் எதுவும் நடத்தவில்லை. யாராவது விசில் ஊதிவிட்டால் மற்ற ஐந்து பேரும் அவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மூடியைக் கழற்ற மறக்கும் ஒருவனுக்கு மூடியைக் கழற்றாமல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் குடி என்றார்கள். அதற்கப்புறம் அவன் மறக்கவில்லை. மேடையில் என்ன செய்வது என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. சரியாகச் செய்யத் தெரிந்த பிறகு தப்பாகச் செய்வது கஷ்டமாக இருந்தது, அவ்வளவே.

விழா நாள். மூன்றாம் மாடி அரங்கம். மேடையில் துணி போர்த்திய மேசை, அதன்மேல் தட்டு, தட்டில் ஆறு பேட்ஜ். பின்னால் 'சுவாசம் நம் சுவாசம்' என்று ஒரு பேனர். அதன் பொருளை யாரும் கேட்கவில்லை. மேலதிகாரி நடு நாற்காலியில். அவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாது, கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். வரவேற்புரையில் மூன்று தரம் பார்த்தார், கோச்சின் உரையில் ஏழு தரம்.

கோச் பேசி முடித்து, இப்போது நம் வீரர்களின் சுவாச முழக்கத்தைக் கேட்பீர்கள் என்று அறிவித்தார். முதலில் பொடிசு. மேசைமேல் ஏறி நின்றான். கையில் மருந்தில்லாத, பழகும் இன்ஹேலர். மூடி, குலுக்கல், ஊதி வெளியே விடல், உதடு, அழுத்தல். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. பொடிசு இழுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் அவன் குழாயை எடுக்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். பத்தாவது எண்ணிக்கையில் மூச்சை விட்டான். கீழே குதித்துப் போய் உட்கார்ந்தான்.

பதற்றம், மேடைக் கூச்சம் என்றார் கோச். இரண்டாவது பிள்ளை. அமைதி. மூன்றாவது. அமைதி. நான்காவது பிள்ளைக்குப் பிறகு கடைசி வரிசையில் ஒரு அப்பா, நமக்குத்தான் காது அடைச்சிருக்கு போல என்று பக்கத்தில் சொன்னது மேடைவரை கேட்டது. ஐந்தாவது முடிந்ததும் கோச்சின் கழுத்து சிவந்தது. கருவி பழுது என்று சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு புது ஸ்பேசரை எடுத்துத் தானே வாயில் வைத்து, வயிறு உள்ளே போக ஒரு இழு இழுத்தார். விசில் அரங்கத்தை இரண்டாகக் கிழித்தது.

"பாத்தீங்களா, கருவி நல்லாத்தான் இருக்கு," என்றார் வெற்றியோடு. "பசங்கதான் சரியில்ல."

ஆறாவதாக நூல்கண்டு மேடையேறியிருந்தாள். "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். மைக் பக்கத்தில் இருந்தது. "ஆட்டம் நல்லா போய்ட்டிருந்தா நீங்க விசில் ஊதுவீங்களா?"

"நல்லா போனா எதுக்கு ஊதணும்?" என்றார் கோச், யோசிக்காமல்.

"பின்ன எப்ப சார் ஊதுவீங்க?"

கோச் வாயைத் திறந்தார். முப்பது வருஷ நடுவர் அனுபவம் அவர் வாய்க்குள்ளேயே நின்றது.

"தப்பாட்டம் ஆடினாத்தானே," என்றாள் நூல்கண்டு. "இதுவும் அதுக்குத்தான் ஊதுது. இப்ப உங்களுக்கு ஊதிச்சு."

முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் அரங்கம் முழுக்க. தலைமையாசிரியை எழுந்து, மரியாதை, மேடை, ஒழுங்கு என்ற மூன்று சொற்களையும் வெவ்வேறு வரிசையில் சொன்னார். மேலதிகாரி முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். அது நிஜமா என்று பொதுவாகக் கேட்டார். சுவரோரம் நின்ற நர்ஸக்கா, ஸ்பேசர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து உயர்த்திக் காட்டினார். அதை அந்தப் பள்ளியில் இதுவரை பிரித்தவர் அவர் ஒருவர்தான். விசில் வந்தால் வேகம் அதிகம், மெதுவாக இழுக்கவும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. எழுத்துக் குறிப்பாகவும் கொடுத்தேன், கோப்பு எண்கூட ஞாபகம் இருக்கிறது என்றார்.

மேலதிகாரிக்கு வேறு வேலை இருந்தது. சரி, நல்லது, அந்தப் பெண் தன் இன்ஹேலரை எடுத்துச் சரியான முறையை ஒரு தடவை செய்து காட்டட்டும், எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம், கிளம்பலாம் என்றார்.

"என் இன்ஹேலர் கீழ பீரோல இருக்கு சார்."

எடுத்துவரச் சொன்னார். கிளார்க்கைத் தேடினார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் கிடைத்தார். மேடைக்கு வந்து கால்சட்டைப் பைக்குள் கை விட்டார். இன்னொரு பைக்குள் விட்டார். பின்பக்கம் விட்டார். முகம் மாறியது. விழா என்பதால் இன்று புதுக் கால்சட்டை. சாவி பழைய கால்சட்டையில். பழைய கால்சட்டை வீட்டில். பக்கத்துத் தெருதான் சார், இதோ வந்துடறேன் என்று படியிறங்கி ஓடினார்.

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இந்த முறை பார்க்க ஒரு காரணம் இருந்தது.

தலைமையாசிரியை இடைவெளியை நிரப்ப ஒரு பாட்டுப் போடச் சொன்னார். நூல்கண்டு மைக்கை விடவில்லை.

"பாட்டு வேண்டாம் டீச்சர். அவர் வர்ற வரைக்கும் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருங்க. அன்னைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்."

முதலில் பிடித்தவர்கள் பிள்ளைகள். பந்தயம் என்றால் அவர்களுக்கு அழைப்பே தேவையில்லை. கன்னங்கள் உப்பின. பிறகு சில அம்மாக்கள். கடைசி வரிசை அப்பா. நூல்கண்டின் அம்மா பிடிக்கவில்லை. அவளுக்கு அது ஏற்கனவே தெரியும், நிமிர்ந்து உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் கோச்சும் பிடித்தார். நுரையீரல் ஒரு தசை என்பதை நிரூபிக்க அவருக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. வெள்ளி விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பை விரித்து, மேற்கூரையைப் பார்த்து நின்றார். இருபது விநாடியில் முன்வரிசையில் இருவர் விட்டார்கள். நாற்பதில் பாதி அரங்கம். நாற்பத்தெட்டில் கோச் தாங்காமல் விட்டார்; பல்லில் கடித்திருந்த விசில் பீப் என்றது. அது தப்பாட்டமா ஆட்ட முடிவா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றே கால் நிமிடத்தில் மொத்த அரங்கமும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிளார்க் அப்போது பள்ளி வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

சிரிப்பு நின்றுபோனது. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம். ஒன்பது. பொடிசின் அம்மா எழுந்துபோய் அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பதினான்கு. தலைமையாசிரியை கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மடித்தார். சம்பவ நேரம் முழுவதும் மருந்து பத்திரமாக இருந்தது.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கிளார்க் வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் டப்பா, மறு தோளில் பழைய கால்சட்டை. சாவி பையின் கிழிசலுக்குள் போய் மாட்டிக்கொண்டதால் கால்சட்டையோடு கொண்டுபோய்த்தான் பீரோவைத் திறந்தாராம். அறுபத்தாறு படி ஏறிய மனிதருக்குப் பேச்சு வரவில்லை. நூல்கண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, முன்னால் சாய்ந்து உட்காருங்க சார் என்றாள்.

டப்பாவைத் திறந்து தன் இன்ஹேலரை எடுத்தாள். செய்து காட்டு என்றார் மேலதிகாரி, அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இப்ப எனக்கு நல்லாத்தான் இருக்கு சார். மருந்து வேடிக்கைக்கு இல்ல. அஞ்சு பேர் சரியாத்தான் செஞ்சு காட்டினாங்க. நீங்க சத்தத்தைத் தேடினீங்க."

இன்ஹேலரைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

முறைப்படி எழுத்து மூலம் அனுமதி வரும்வரை அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் தலைமையாசிரியை, கையை நீட்டி. நூல்கண்டு பையை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"அனுமதி வரட்டும் டீச்சர். நான் இங்கதான் இருப்பேன். இதுவும் என்கூட இருக்கும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அதற்குள் மற்ற ஐந்து பேரும் மேடையேறி, டப்பாவைச் சுற்றி நின்று, அவரவருடையதை எடுத்துக்கொண்டார்கள். நீட்டிய ஒரு கை ஆறு பைகளுக்குப் போதாது. மேலதிகாரி எழுந்து, எழுத்து மூலம் இன்றே தந்துவிடலாமே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். கோச் மைக்கைப் பிடித்து, அமைதியான சுவாசத்தின் மகத்துவத்தை மக்களுக்கு உணர்த்தத்தான் இந்த நாடகமே திட்டமிடப்பட்டது என்று தொடங்கினார். அவர் நிஜமாகவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்தது. கேட்பதற்குக் கூட்டம் அரங்கத்தில் இல்லை, படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுவாரம் நர்ஸக்கா முதலுதவி அறைக்குத் திரும்பினார். வந்ததும் ஜன்னலில் கிடந்த தரை துடைக்கும் துணியை எடுத்துவிட்டு, அங்கே ஒரு பெட்டி நிறைய நூல்கண்டுகளை வைத்தார். தையல் கடையிலிருந்து வந்தவை, எல்லாம் இத்துப்போனவை.

மேடைத் தட்டில் மிஞ்சிய ஆறு பேட்ஜ்களையும் விலையுயர்ந்த பொருள் என்று கருதி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பீரோவின் கீழ்த்தட்டில், எலிப்பொறிக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த அதே டப்பாவில் போட்டுப் பூட்டினார் கிளார்க். மேலே ஒட்டியிருந்த எச்சரிக்கையை மாற்றவில்லை.

ஒருநாள் பொடிசு வந்து, தன் பேட்ஜை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான். என்ன இருந்தாலும் சாம்பியனாக இருந்தவன். கிளார்க் கால்சட்டைப் பைக்குள் கை விட்டார். இன்னொரு பைக்குள் விட்டார். பின்பக்கம் விட்டார்.

பொடிசு தன் பையின் ஜிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பரவால்ல சார், மெதுவா தேடுங்க," என்றான். "எனக்கு மூச்சு எங்கிட்டயே இருக்கு."